சேலம் ஜில்லாவுக்கென்று ஒரு டீ

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் என்ன தனிக்குணம், அங்கே போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்று வெளியூர்ப் பயணிகளுக்காக ஒரு கையேடு தயாராகிறதாம். அதற்காக இரண்டு இளைஞர்கள் கடலூருக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சுதந்திரத்துக்கு முன்பே எல்லா ஜில்லாவையும் தெருத் தெருவாகச் சுற்றியவன் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. நான் தேயிலை விளம்பர இலாகாவில் வேலை பார்த்தவன். அந்தக் காலத்தில் நம் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் டீயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஊர் ஊராகப் போய், தெருவில் அடுப்பு வைத்து, டீ போடுகிற முறையைக் காட்டி, இனாமாகக் குடிக்கக் கொடுத்து வருவதுதான் என் உத்தியோகம்.

பையன்கள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன். தஞ்சாவூர்க்காரர்கள் நம்மை உட்காரவைத்து மரியாதை செய்வார்கள், டீயை வாங்கி வைத்துக்கொள்வார்கள், நாம் தெருமுனை திரும்பியதும் கொட்டிவிட்டுக் காபி போடுவார்கள். திருநெல்வேலியில் குடித்துவிட்டுக் குற்றம் சொல்வார்கள். சொன்ன குற்றம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ராமநாதபுரத்துக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரில் நம் பாச்சா பலிக்காது. அங்கே பெண்கள் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு வேறொரு பானமாகவே அதை மாற்றிவிடுவார்கள். எங்கள் தென்னாற்காட்டுக் கரையில் கட்டுமரம் ஏறி வந்தவர்கள் ஈரத்தோடு வந்து நிற்பார்கள். பால் வேண்டாம், கறுப்பாக, நாக்கைச் சுடுகிற மாதிரி வேண்டும். பையன்கள் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டார்கள்.

சேலம் என்றார்கள். ஏற்காடு மலை இருக்கிறது, காவிரி இருக்கிறது, மாம்பழம் இருக்கிறது என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. களைப்பு என்று நினைத்து அவர்களும் விட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

வேலையில் சேர்ந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன், குரல் நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். ஆனைமலையில் ஒரு தோட்டத்தில் சில வாரம் வைத்து, இலை எப்படி வருகிறது, எப்படிக் காய்கிறது என்று காட்டினார்கள். பிறகு மதராஸில் கொஞ்ச நாள். அதன்பின் சூப்பரின்டெண்ட் தேவசகாயத்தின் கீழ் என்னைப் போட்டார்கள். என் உத்தியோகம் அவரிடம்தான் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஒல்லி, கறுப்பு. வெள்ளைக் கோட்டில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. சொந்தப் பீங்கான் கோப்பை ஒன்றைத் துண்டில் சுற்றி வைத்திருப்பார். நாங்கள் போட்ட டீயை அதில் ஊற்றி முதலில் நிறத்தைப் பார்ப்பார், அப்புறம் ஆவியை முகர்வார், கடைசியில் ஒரே ஒரு வாய் குடிப்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். சரியில்லை என்றாலும் ஒன்றும் சொல்லமாட்டார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் தானே செய்வார். நாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் அவர் நம்மை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

முறையில் அவருக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. தண்ணீர் அப்போது இறைத்ததாக இருக்க வேண்டும். ஒரு தடவை கொதித்து ஆறியதை மறுபடி கொதிக்கவைக்கக் கூடாது. கெண்டியை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கவிழ்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு கரண்டி தூள், கெண்டிக்கென்று ஒரு கரண்டி. கெண்டியைத் தண்ணீரிடம் கொண்டுபோக வேண்டும். தண்ணீரைக் கெண்டியிடம் கொண்டுவந்தால் அதற்குள் கொதி அடங்கிவிடும். ஊற்றி மூடி, இலை விரிகிற வரைக்கும் கை வைக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் பாலும் சர்க்கரையும். ஒருவருக்கு ஒரு டம்ளர். இரண்டாம் தடவை கேட்டால், வீட்டில் போட்டுக் குடியுங்கள் அம்மா என்று ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துக் கும்பிட வேண்டும். பொட்டலம் தீர்ந்ததும் கடையில் வாங்குவார்கள். வியாபாரத்தின் சூட்சுமம் அவ்வளவுதான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது சேலம் ஜில்லாவை எனக்குக் கொடுத்தார்கள். முதலில் சந்தோஷமாகத்தான் சுற்றினேன். பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீரைப் போல டீக்கு வாகான தண்ணீரை நான் வேறெங்கும் கண்டதில்லை. வாழப்பாடிச் சந்தையில் மூட்டை இறக்கி வைத்த குடியானவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, கஷாயமாட்டம் இருக்கிறது, இது எந்த நோவுக்கு என்று கேட்டார்கள். ஜேடர்பாளையத்தில் காவிரி அணைக்கட்டுப் பக்கம் ஒரு வாரம் இருந்தேன். அந்தச் சுற்றுவட்டத்தில் கரும்பு ஆலை ஆடுகிற வாசனை எந்நேரமும் இருக்கும். சீனிக்கு ரேஷன் வந்திருந்ததால் அங்கேதான் நாட்டுச் சர்க்கரை போட்டு டீ போடப் பழகிக்கொண்டேன். இதெல்லாம் பையன்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லப்போனால் குமாரபாளையத்தையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

குமாரபாளையம் நெசவாளர் ஊர். பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் பவானி. நெசவுத் தெருக்களின் நடுவே பாவடி என்று நீளமாக ஒரு மைதானம் உண்டு. நூலை நீளவாட்டில் இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, பாவு காயப்போடுகிற இடம். நல்ல நாளில் அங்கே ஆள் நடக்க வழி இருக்காதாம். நான் போனபோது மைதானம் முழுக்கச் சும்மா கிடந்தது. யுத்தத்தினால் நூல் வரத்து நின்றுபோயிருந்தது. வருகிற கொஞ்சம் நூலும் கறுப்புச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. இடம் காலியாக இருக்கிறதே, அடுப்பு வைக்க வசதியாகப் போயிற்று என்றுதான் அப்போது நினைத்தேன்.

தண்ணீருக்குப் பாவடியை ஒட்டிய ஒரு வீட்டுக் கிணற்றைக் கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் பழனியப்பன் என்ற நெசவாளியும், அவர் மனைவி செல்லம்மாளும், நடை பழகுகிற வயதில் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். செல்லம்மாள் என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். தண்ணீர் இறைத்துக் கொடுப்பாள், டம்ளர் கழுவிக் கொடுப்பாள், தன் டம்ளரை வாங்கிக்கொண்டு, புருஷனுக்கும் ஒன்று வாங்கி உள்ளே கொண்டுபோவாள். பழனியப்பன் வெளியே வரவே மாட்டார். ஒருநாள் குடத்தை எடுக்க உள்ளே போனபோது பார்த்தேன். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருந்தார். தறியில் முழங்கை அளவு பாவுதான் மிச்சம் இருந்தது. அதை நெய்து அறுத்துவிட்டால் மறுபடி ஒவ்வோர் இழையாகத் தறியின் விழுதுக் கண்களில் கோக்க வேண்டும், அதனால் விட்டு வைத்திருக்கிறார், நூல் வந்தால் அதோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்று செல்லம்மாள் சொன்னாள். நெய்ய ஒன்றுமில்லாவிட்டாலும் காலையில் குளித்துவிட்டு வந்து அதில்தான் உட்காருவாராம்.

முதல் வாரம் சுமாராகத்தான் ஆள் வந்தார்கள். இரண்டாம் வாரம் பாவடி நிறைந்தது. அடுப்பை மூட்டுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சண்டை கிடையாது, கூச்சல் கிடையாது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடிப்பார்கள். நான் கிராமபோன் வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்த ஜில்லாவிலும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை என்று மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் புரிந்தது.

பால் ஊற்றியவர் பெரியண்ணக் கவுண்டர். பக்கத்துக் கிராமத்தில் கிணற்றுப் பாசனம், நாலைந்து எருமை. தினமும் வண்டியில் பால் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். ஒரு காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, டீ அத்தன ருசியாவா இருக்குது?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்தத் தெருவுல எந்த ஊட்டுலயாச்சும் பொகை வருதான்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். சமைக்கிற வேளை. வரிசையாக ஓட்டுக் கூரைகள். ஒன்றிரண்டில்தான் புகை தெரிந்தது. நான் போட்ட டீயில் நாட்டுச் சர்க்கரையும் எருமைப் பாலும் இருந்தன. அவர்கள் குடிக்க வந்தது அதைத்தான்.

கவுண்டர் அடுத்த நாளே வண்டியில் ஒரு மூட்டைக் கம்பு கொண்டுவந்தார். யாருக்கு வேண்டுமோ அளந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் செல்லம்மாளிடம், நீயாவது வாங்கு என்றேன். அவர் வைவாருங்க என்றாள். உள்ளே போய்ப் பழனியப்பனிடமே சொன்னேன். அவர் தறியிலிருந்து எழுந்து நின்றுகொண்டுதான் பதில் சொன்னார்.

"கவுண்டரு நல்ல மனசோட கொண்டாந்திருக்காருங்க. தப்பாச் சொல்லல. ஆனா இந்தத் தெரு எந்தக் காலத்துலயும் கையேந்துனதில்லீங்க. நூலு வந்தா நெய்வமுங்க."

டீயைக் குடிக்கிறீர்களே என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது, கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குப் புரிந்தது.

"டீ வேறீங்க. நீங்க ஊரு ஊரா வந்து குடிச்சுப் பாருங்கன்னு கேக்கறீங்க. நாங்க குடிக்கறமுங்க" என்றார்.

கவுண்டர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோனார். போகும்போது பாலை மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

அந்த வாரம் தேவசகாயம் வந்து சேர்ந்தார். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரி அடுப்பு கட்டின பஸ்கள் ஓடிய காலம். அதில் வந்து இறங்கியும் அவர் கோட்டு வெள்ளையாகவே இருந்தது. ஜில்லாவிலேயே முதல் இடம் இது என்று மேலே பேசிக்கொள்கிறார்கள், பார்க்க வந்தேன் என்றார். மறுநாள் காலை ஒரு முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். நான் பாலைக் கூடுதலாக ஊற்றுவதைப் பார்த்தார். ஆளுக்கு இரண்டு டம்ளர் போவதையும் பார்த்தார். முறை தவறுகிறது என்று கோட்டைக் கழற்றுவார் என எதிர்பார்த்தேன். அவர் கழற்றவில்லை. செல்லம்மாள் குழந்தையை மடியில் வைத்து, தன் டம்ளரிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து அவளிடம் போனார்.

"அம்மா, வீட்டில் உலை வைத்து எத்தனை நாளாகிறது?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "ஞாபகமில்லீங்க சாமி" என்றாள்.

மாலையில் ஆற்றங்கரைக்கு நடந்தோம். கம்பு மூட்டையையும் பழனியப்பன் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். ஒரு கல்லில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் குறைந்துவிட்டது. அந்த மனிதருக்கும் எனக்கும் இடையில் அதுவரை டீயைத் தவிர வேறு பேச்சே இருந்ததில்லை.

"ஜில்லாவுக்கு ஜில்லா ஜனங்கள் டீயை ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வதைப் பற்றி நீர் நன்றாகச் சொல்வீர், நானும் கேட்டிருக்கிறேன்" என்றார். "வேண்டாம் என்று சொல்ல முடிகிற ஊரில்தான் ஐயா குணம் தெரியும். இங்கே நமக்கு என்ன தெரியப்போகிறது?"

கல்லிலிருந்து எழுந்தார். நடந்துகொண்டே, அந்தக் கவுண்டர் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

மறுநாள் கவுண்டர் வண்டியில் பால் பாத்திரங்களோடு கேழ்வரகு மாவும் வந்தது. கித்தான் போட்டு மூடியிருந்தது. தேவசகாயம் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டி விழாமல் கரைத்தார். கொதிக்கிற பெரிய கெட்டிலில் ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துழாவினார். மாவு வெந்து மணம் வருகிற வரைக்கும் அடுப்பை விட்டு நகரவில்லை. நிறத்துக்குத் தேயிலைச் சாறு கொஞ்சம், பிறகு நாட்டுச் சர்க்கரை, பால். தன் கோப்பையில் ஊற்றி நிறத்தைப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். டீயை எப்படிப் போட வேண்டும் என்று இத்தனை காலம் எந்தச் சிரத்தையோடு எங்களைப் படுத்தினாரோ, அதே சிரத்தை. ஒரு மாற்றுக் குறைவில்லை.

பிறகு கூட்டத்தின் முன்னால் போய் நின்றார். இலாகாவில் ஒவ்வொரு ஜில்லாவின் தண்ணீரையும் சீதோஷ்ணத்தையும் பார்த்து அந்தந்த ஜில்லாவுக்கென்று தனி முறை வைத்திருக்கிறோம் என்றும், இதுதான் சேலம் ஜில்லாவின் டீ என்றும், குடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். சொல்லும்போது குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் பார்த்தார். தேவசகாயத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் ஊற்றுவதை நிறுத்தினேன்.

"டீ நல்லா இருக்குதுங்க" என்றார் கிழவர்.

பிறகு எல்லோரும் குடித்தார்கள். குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லம்மாள் வழக்கம்போல உள்ளே ஒரு டம்ளர் கொண்டுபோனாள். திரும்பி வர நேரமாயிற்று. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஏன் கெட்டியா இருக்குதுன்னு கேட்டாருங்ணா. இந்த ஜில்லாவுக்கு இப்படித்தானாம்னு சொன்னனுங்க. அப்புறம் ஒண்ணும் கேக்கலீங்க. குடிச்சுட்டாரு" என்றாள். குழந்தை அவள் இடுப்பில் வாயெல்லாம் பூசிக்கொண்டு இருந்தது.

அப்படியே பல வாரம் நடந்தது. தேவசகாயம் அந்த ஊரை விட்டு நகரவில்லை. அவர் போக வேண்டிய ஊர்கள் எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. மாவுக்கும் பாலுக்கும் கவுண்டரும் அவரும் எப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். செல்லம்மாளின் குழந்தை பாவடியில் தத்தித் தத்தி நடந்து வந்து என் காலைப் பிடித்துக்கொள்ளும். பழனியப்பன் சில சமயம் வாசல் வரை வந்து நிற்பார்.

மதராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். ஜில்லாவிலேயே முதல் இடம் என்று பேர் வாங்கியதுதான் வினை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். இது என்ன என்று மெதுவாகக் கேட்டார். சேலம் ஜில்லா டீ என்று தேவசகாயம் பதில் சொன்னார். அதிகாரி கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவரைத் தனியாக அழைத்துப்போனார். எனக்குக் காதில் விழுந்த வரை அவர் சத்தம் போடவில்லை. பஞ்ச நிவாரணம் சர்க்கார் வேலை, நம் வேலை டீ, நம்முடைய பெயரில் கூழ் ஊற்றினால் நாளைக்கு எந்த ஊரில் போய் டீ என்று சொல்வோம் என்று கேட்டார். சர்க்காரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். பேசியும் இருக்கலாம். அந்தத் தெருவுக்கு ஒன்றும் வரவில்லை.

தேவசகாயத்தை அன்றே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கோப்பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பஸ் ஏறும்போது, "இனி முறைப்படி போடும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் அவரை வெளியூர் வேலைக்கு அனுப்பவில்லை. மதராஸில் ஒரு மூலையில் உட்காரவைத்தார்களாம். கொஞ்ச நாளில் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நான் அவரை மறுபடி பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் முறைப்படி போட்டேன். புதிதாக இறைத்த தண்ணீர், சூடான கெண்டி, ஆளுக்கு ஒரு கரண்டி. அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்தார். அன்றைக்குத்தான் பழனியப்பன் முதல் தடவையாகப் பாவடிக்கு வந்து மற்றவர்களோடு உட்கார்ந்தார். செல்லம்மாள் டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரைத் தன் முன்னால் மண்ணில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. நெய்த துணியில் இழை விட்டுப்போனதைக் காட்டுகிறவர் மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குள் போனார்.

முகாமை மூடச் சொல்லி உத்தரவு வருவதற்குள் தெருவில் வயிற்றுப்போக்கு பரவியது. செல்லம்மாளின் குழந்தைக்கும் கண்டது. கவுண்டர் மறுபடி வண்டியில் தானியம் கொண்டுவந்தார். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை, வண்டியைப் பாவடியில் நிறுத்திவிட்டுத் தூரமாகப் போய் நின்றுகொண்டார். முதலில் வந்தது பழனியப்பன்தான். தோளில் இருந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தார். அள்ளிப் போட அங்கே யாரும் இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை, அப்படியே நின்றார். நான் போய் அள்ளிப் போட்டேன். அவர் பின்னால் தெருவே வந்தது. செல்லம்மாள் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். குழந்தைக்கு அது தங்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டது. ஆற்றங்கரையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கவுண்டர் வெறுங்காலோடு கூடவே வந்தார்.

பிள்ளையை இழந்த வீடுகளும் வேலையை இழந்த வீடுகளும் எங்கே இருக்கின்றன என்று கங்காணிகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஆனைமலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க ஒருவன் வந்தான். அரிசி தருவார்கள், கம்பளி தருவார்கள், வீடு தருவார்கள் என்று பாவடியில் நின்று சொன்னான். நல்ல குரல் அவனுக்கும். செல்லம்மாள் என்னிடம் வந்தாள். நான் அடுப்பையும் பாத்திரங்களையும் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க அங்க இருந்திருக்கீங்களாமே அண்ணா. போலாமுங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அரிசி தருவது நிஜம். அட்டை கடிக்கும், மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் வரும், வந்தால் பலபேர் எழுந்திருப்பதில்லை. கங்காணியிடம் முன்பணம் வாங்கிவிட்டால் நினைத்தபோது திரும்பி வர முடியாது. இங்கேயே இருந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். நான் பாத்திரக் கட்டின் கயிற்றை இறுக்கினேன். 

"அப்போ அரிசி தருவாங்கங்கறது நெசமுங்க" என்றாள்.

போகிற அன்று பழனியப்பன் தறியில் மிச்சம் இருந்த முழங்கைப் பாவை நெய்து முடித்து அறுத்தார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பாலத்தின் மேல் அவர்கள் நடந்து போவதை நான் பார்த்தேன். பத்துப் பதினைந்து குடும்பம், முன்னால் கங்காணி. நெசவாளர்களுக்கு நீண்ட தூரம் நடந்து பழக்கமில்லை. பாதி தூரத்திலேயே சிலர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

யுத்தம் முடிந்து, ரேஷன் தளர்ந்து, நூல் வரத்தொடங்கி, ஊரில் தறிகள் மறுபடி ஓடின. அதற்குப் பிறகு ஒரு தடவை உத்தியோக விஷயமாக ஆனைமலைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குத் தோட்டத்தைக் காட்டுகிற வேலை. போன இடத்தில் எல்லாம் குமாரபாளையத்தார் யாராவது உண்டா என்று விசாரித்தேன். மூன்றாவது தோட்டத்தில், இலை எடை போடுகிற கொட்டகையில் கூடை தூக்குகிற ஒருவரைக் காட்டினார்கள். கம்பளியைத் தலையில் போட்டிருந்தார். பக்கத்தில் போகிற வரைக்கும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க டீக்காரரே" என்றார் பழனியப்பன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். கொட்டகைக்கு வெளியே ஒரு கட்டையில் உட்கார்ந்தோம். அவர் கைகளைப் பார்த்தேன். இழை ஒட்டுகிற விரல்கள் பருத்து வெடித்திருந்தன. செல்லம்மாளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"மொத மழையிலயே அவ போயிட்டாளுங்க. காய்ச்சலுதான். நீங்க எல்லாத்தையும் எடுத்துச் சொல்லித்தான் அனுப்புனீங்க. நாங்கதான் வந்தோம்."

எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்ததைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் ஏதோ பேச்சை மாற்றினேன். கவுண்டர் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன்.  மூடுபனி கொட்டகை வரைக்கும் இறங்கியிருந்தது.

"ஊருல நூலு வந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

வந்துவிட்டது என்றேன். எல்லாத் தறியும் ஓடுகிறது, ஆள் போதவில்லை என்று சொல்கிறார்கள், திரும்பி வந்தால் உங்களை மாதிரிக் கை உள்ளவருக்கு நிச்சயம் வேலை உண்டு, தோட்டத்தில் பேசி விடுவிக்க என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று வேகவேகமாகச் சொன்னேன்.

"எப்பங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

நீங்கள் கிளம்பி ஒரு வருஷத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தது என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவர் கேட்டார், எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

"ஒரு வருசம்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். கொட்டகைக்குள்ளிருந்து யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுத்த நடை இலை வந்து இறங்கியிருந்தது. எழுந்து கம்பளியைச் சரிசெய்துகொண்டு, "வாரேனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கப் போனார்.